ஜெபம் முடிந்தபோது பாய் இல்லை

காலை 10.05.

"ஐயோ, என் பாய்! என் பாயைக் காணோம்!"

மெலே அம்மாள் போட்ட கூச்சலில், தஃபுனா விமான நிலையத்தின் சின்னக் கூடத்தில் கோகோ ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே போட்டாள். பெஞ்சுக்கு அடியில் பூப்போட்ட விரிப்பு மட்டும் துவண்டு கிடந்தது. அதில் சுற்றி வைத்திருந்த பாய் இல்லை.

பாய் என்றால் விரித்துப் படுக்கிற பாய் அல்ல. துணி போல மடிகிற, ஓரமெல்லாம் சிவப்பு இறகு வைத்த பாய். கல்யாணத்தில் பெண் வீட்டார் கொடுப்பது, சாவில் உறவுக்காரர் கொண்டுபோய் வைப்பது. இது இல்லாமல் எழவு வீட்டுக்குப் போகிறவன் வாயில்லாமல் பேசப் போகிறவன். மெலேயின் கணவர் தலோசங்கா ஒரு குலத்தின் தலைவர். கடல் தாண்டி அப்பியாவில் அவருடைய பெரியப்பா மகன் இறந்துவிட்டார். 12.15 விமானத்தில் இருவரும் புறப்பட வேண்டும்.

எடை மேடை அருகே நின்றிருந்த எசேட்டா பேனாவை மூடினாள். பத்தொன்பது வருடங்களாக இந்த நிலையத்தில் பயணிகளை நிறுத்துப் பார்க்கும் வேலை அவளுக்கு. விமானம் சின்னது, ஆட்கள் பெரியவர்கள். ஏறுகிறவர் ஒவ்வொருவரும் மேடையில் நின்றாக வேண்டும். தீவில் பாதிப் பேரின் எடை அவளுக்கு மனப்பாடம். ஒருத்தர் எடையை இன்னொருத்தரிடம் அவள் சொன்னதே இல்லை. அதனால்தான் ஊரில் பல குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன என்பது அவள் கணிப்பு.

10.15. போலீஸ் சார்ஜென்ட் ரொபேட்டி வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"பாயைக் கடைசியா எப்பப் பாத்தீங்கம்மா?"

"ஒன்பதரைக்கு. பிரிச்சுக் காட்டினேனே, இங்க இருக்கற எல்லாரும் பாத்தாங்களே! ஒரு மூலை மட்டும் தச்சிருக்கும். எங்க வீட்டுக்கு வந்தப்பவே அப்படித்தான்."

"அப்புறம்?"

"சுத்தி பெஞ்சுக்கு அடியில வெச்சேன். போதகர் ஜெபம் பண்ணக் கூப்பிட்டாரு."

காலை 8.30க்குத் தாவூ தீவுக்குப் போன விமானம், தாவூ மேல் மேகம் கவிந்ததால் இறங்க முடியாமல் 9.20க்குத் திரும்பி வந்துவிட்டது. பத்திரமாகத் திரும்பியதற்கு நன்றி சொல்லாமல் போதகர் விடுவாரா? 9.40க்குத் தொடங்கினார். விமானி, விமானியின் தாயார், இயந்திரம், மேகம் என்று ஒன்றையும் விடாமல் ஜெபித்து 9.51க்கு ஆமென் சொன்னார். அதன்பின் எல்லோரும் சாப்பாட்டுக்கடையை மொய்த்தார்கள்.

ரொபேட்டி கூடத்தின் நடுவில் நின்றார்.

"ஜெபத்தப்போ யாராவது எழுந்து போனாங்களா? பாத்தவங்க யாரு?"

யாரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? பார்த்தேன் என்றால் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன் என்று அர்த்தம். போதகர் வேறு முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருமை. முப்பது பேர், அறுபது கண்ணு, ஒண்ணுகூடத் திறக்கல" என்றார் ரொபேட்டி. பிறகு மூட்டை தூக்கும் சியோவிடம் திரும்பினார். "நீ எங்க இருந்தே?"

"வெளியில. விமானத்துலேர்ந்து பெட்டி இறக்கிட்டிருந்தேன், சார்."

"உள்ளே வந்தியா?"

"நாலு தடவை வந்தேன். பெட்டி தானா நடந்து வருமா?"

"அப்போ கண்ணைத் திறந்து வெச்சிருந்தது நீ ஒருத்தன்தான்."

சியோவின் முகம் வெளிறியது. "சார், எனக்கு மூணு பிள்ளைங்க. இந்த வேலை போச்சுன்னா..."

"பாயை எங்க வெச்சே, அதைச் சொல்லு."

10.30 முதல் 11.10 வரை எல்லாப் பெட்டிகளும் திறக்கப்பட்டன. ஒட்டுநாடா சுற்றிய ஐஸ் பெட்டிகளையும் விடவில்லை. கோழிக்கால், டாரோ கிழங்கு, பள்ளிப் புத்தகம், ஒரு பொய்ப்பல் செட். பாய் இல்லை. வெளியே சரக்குக் கொட்டகையிலும் இல்லை.

எசேட்டாவின் கண் சுவரோரம் போனது. அங்கே லூபே தனியாக உட்கார்ந்திருந்தாள். மீன் ஆலையில் வேலை செய்கிறவள், தாவூக்காரி. இந்த வாரம் அவள் மேடையில் ஏறியது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் தாவூவுக்குமேல் போய், ஊரின் மேல் கிடந்த மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். கீழே, அந்த மேகத்துக்கு அடியில், அவள் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். வரவேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று செவிலி சொல்லி ஐந்து நாளாகிவிட்டது.

"ஒரு வாய் கோகோவாவது குடியேன், லூபே."

"இறங்காதுக்கா. நேத்துலேர்ந்து ஒண்ணும் இறங்கல."

அவள் கண் ஜன்னலைவிட்டு நகரவில்லை. எசேட்டாவுக்கு அந்தப் பார்வை தெரியும். தன் அம்மா இறந்தபோது எசேட்டா சியாட்டிலில் இருந்தாள். விமானச் சீட்டு கிடைக்க ஒன்பது நாளாயிற்று. கல்லறை மண்கூடக் காய்ந்திருந்தது. அந்த ஒன்பது நாளை அவள் இன்னும் மறக்கவில்லை.

11.20. தாவூ மேல் மேகம் விலகியதாகச் செய்தி வந்தது. திரும்பி வந்த விமானம் மறுபடி புறப்பட்டால் மறுபடி எடை போட வேண்டும் என்பது விதி. பயணிகள் வரிசையில் வந்தார்கள். காலையில் எழுதிய எடைக்குப் பக்கத்தில் எசேட்டா புதியதை எழுதினாள்.

போதகர், 251 பவுண்டு. இப்போது 253. இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தார்.

ஆசிரியை, 164. இப்போது 165.

மீன்பிடிக்கும் கிழவர், 143. இப்போதும் 143. அவர் கோகோவை ருசி பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லூபே, 187. இப்போது 191.

பேனா தாளிலேயே நின்றுவிட்டது. லூபேயின் நீளச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா" என்றாள் லூபே மெதுவாக. "மேகம் மறுபடி வர்றதுக்குள்ள என்னை விட்டுடுங்க."

வாயை மூடிக்கொண்டால் போதும். இன்னும் ஒரு மணி நேரத்தில் இவள் அம்மாவின் பக்கத்தில் இருப்பாள். ஆனால் கதவருகே ரொபேட்டி, சியோவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜீப் வெளியே வந்து நின்றுவிட்டது.  ஏன் இது என் தராசில் வந்து விழ வேண்டும் என்று எசேட்டாவுக்குக் கோபம் வந்தது.

"ரொபேட்டி, அவனை விடு" என்றாள். "பாய் இந்தக் கூடத்தை விட்டு வெளியே போகல."

"எல்லாப் பெட்டியையும் பாத்தாச்சே, எசேட்டாக்கா?"

"பெட்டியைத்தானே பாத்தே? ஆளைப் பாத்தியா?"

எசேட்டா எடைத் தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"பத்தொன்பது வருஷமா யாரு எடையையும் நான் வெளியே சொன்னதில்ல. இப்பவும் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க." போதகர் பெருமூச்சு விட்டார். "வித்தியாசத்தை மட்டும் சொல்றேன். காலையில ஒரு தடவை நிறுத்தேன், இப்ப ஒரு தடவை. சாப்பிட்டவங்களுக்கு ஒண்ணு ரெண்டு பவுண்டு ஏறியிருக்கு. சாப்பிடாதவருக்கு ஏறல. ஆனா ஒரு சொட்டு தண்ணிகூட வாயில வெக்காத ஒருத்தருக்கு நாலு பவுண்டு ஏறியிருக்கு. பட்டினி கிடந்தா யாருக்காவது எடை கூடுமா?"

"நாலு பவுண்டு..." ரொபேட்டி முணுமுணுத்தார்.

"நல்ல பாய் ஒண்ணோட எடை. துணி மாதிரி மடியும், உடம்போட சுத்திக்கலாம். நாம கண்ணை மூடி ஆமென் சொல்லிட்டிருந்தப்போ, கழிப்பறைக்குள்ள சுத்தியாச்சு." எசேட்டா திரும்பினாள். "லூபே, நீயே சொல்லும்மா."

லூபே கழிப்பறைக்குள் போனாள். ஆசிரியை துணைக்குப் போனாள். திரும்பி வந்தபோது பாய் லூபேயின் கையில் இருந்தது. தலோசங்காவின் எதிரே நடந்து போய், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டாள். முகம் மறைந்துவிட்டது.

 தப்புச் செய்தவர் இப்படி மூடிக்கொண்டு உட்கார வேண்டும். தப்புக்கு ஆளானவர் பாயை எடுத்தால் மன்னித்ததாக அர்த்தம். எடுக்காவிட்டால் வெயிலோ மழையோ, உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்.

"ஏன் எடுத்தே?" தலோசங்கா கேட்டார்.

பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "தச்ச மூலையைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, ஐயா. எங்க அக்கா சியேனி கல்யாணத்தன்னிக்கு இடுப்புல கட்டினது. ஆடறப்போ அக்காவோட குதிகால் பட்டுக் கிழிஞ்சுது. அம்மாதான் ராத்திரியோட ராத்திரியா தச்சாங்க."

"சியேனி... என் தம்பி பையன் கட்டின பொண்ணு."

"ஆமா. ஆறு வருஷத்துக்கு முன்ன, சியாட்டில் பக்கத்துல டக்கோமாவுல செத்துப்போச்சு. அங்கேயே புதைச்சுட்டாங்க. மாமா வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அம்மாகிட்ட அக்காவோடது ஒண்ணுமே இல்ல, ஐயா. இப்ப நினைவு தப்பறப்பல்லாம் சியேனி எங்க, சியேனி வந்தாச்சான்னு கேக்கறாங்களாம். வெறுங்கையோட போய் நான் என்ன பதில் சொல்றது? ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கட்டும், அப்புறம் கொண்டாந்து குடுத்துடலாம்னு..."

அழுகை மீதியை விழுங்கிவிட்டது. கோகோக்காரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சியோகூட மூக்கை உறிஞ்சினான்.

தலோசங்கா எழுந்தார். வயதான முழங்கால் சடக்கென்றது. குனிந்து, இரண்டு கையாலும் பாயை எடுத்தார். கூடம் முழுக்க மூச்சு விட்டது. சட்டம் என்ன சொல்லுமோ, ரொபேட்டி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய் ஜீப்பைத் திருப்பி அனுப்பினார். வருகிற வழியில் சியோவின் தோளைத் தட்டி, "தப்பு என்னுதுடா" என்றார்.

"சீக்கிரம் சுத்துங்க, நேரமாச்சு" என்று மெலே விரிப்பை நீட்டினாள்.

தலோசங்கா சுற்றவில்லை. பாயை நாலாக மடித்தார். தைத்த மூலை மேலே இருக்கும்படி திருப்பினார்.

"மெலே, சியேனி செத்தப்போ அவ அம்மா வீட்டுக்கு நாம யாராவது போனோமா?"

"அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களே. இங்க என்ன சடங்குன்னு..."

"போகல. ஒரு பாய்கூடக் கொண்டுபோய் வெக்கல."

"இதைக் குடுத்துட்டு, அப்பியாவுல எந்த முகத்தோட போய் நிக்கறது?"

"வெறுங்கையோட நிப்போம். வர்ற அவமானம் எனக்கு வரட்டும்."

வெளியே விமானத்தின் விசிறி சுழலத் தொடங்கியது. தாவூ பயணிகளை அழைத்தார்கள். தலோசங்கா தரையில், லூபேக்கு எதிரே உட்கார்ந்தார். எழவு வீட்டில் உட்கார்வதுபோல் தலை குனிந்து, பாயை அவள் மடியில் வைத்தார்.

"ஆறு வருஷம் லேட்டா வந்திருக்கோம்னு அம்மாகிட்ட சொல்லும்மா."