வாய் திறவாப் படை

மானுட வரலாறு இனி இரண்டாகப் பிரிக்கப்படும்: அகிலாண்ட வெற்றிப் படை அமைதித்தளத்தில் இருந்த காலம் ஒன்று, அது போர்த்தளத்துக்குப் புறப்பட்ட காலம் மற்றொன்று. இதைப் பேரரசர் வெற்றிவேந்தன் தம் வாயாலேயே அறிவித்தார். அறிவிப்பின் நடுவே அவருக்குப் பின்னால் எங்கோ குக்கர் விசிலடித்தது. "ஒரு நிமிஷம், அடுப்பை அணைச்சிட்டு வந்துடறேன்" என்று போய்வந்து, விட்ட இடத்திலிருந்து வரலாற்றைத் தொடர்ந்தார்.

தூத்துக்குடியில், கடல் தெரியாத பக்கத்து ஒற்றையறை ஒன்றில், பிலோமினா புலன்முடியை மாட்டிக்கொண்டு இதைக் கேட்டாள். அந்த முடியைத் தலையில் வைத்தால் கண்ணும் காதும் தோலும் வேறோர் உலகத்துக்குக் குடிபோய்விடும். அது வந்தபின் மனிதர்கள் தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டில் இருப்பது யார் என்று தெரியாதவர்கள், மாலையானால் முடியை மாட்டிக்கொண்டு கூட்டமாகப் பூதம் அடிக்கப் போனார்கள்.

அமைதித்தளத்தில் மனிதரை மனிதர் தாக்க வழியில்லை. குகையிலிருந்து ஒரு கற்பூதம் எழும்; படை அதைச் சாய்க்கும். மறுநாளும் அதே பூதம், அதே அடி. அடிப்பதற்குக் கை போதும் என்பதால் வாய்க்கு வேலையில்லாமல் இருந்தது, ஆகவே பேசினார்கள். மீன் விலை, மருமகள், மூட்டுவலி. ஒருவர் பூதத்தின் தோளில் நின்றபடி தன் பல்செட் பொருந்தாத கதையை முழுதாகச் சொல்லி முடித்தார். பூதமும் பொறுமையாகக் கேட்டது.

ஊர், பேர் விசாரிப்பது அங்கே அநாகரிகம். குரல்தான் ஆள். பிலோமினாவுக்கு நன்கு பழகிய குரல் இடிமுழக்கன் என்பவருடையது. பெயர்தான் அப்படி, பேசுவதென்னவோ பக்கத்து அறையில் நோயாளி உறங்குவதுபோல. பெண்களை 'ஆச்சி' என்பதால் செட்டிநாட்டுப் பக்கம் என்று அவளாக ஊகித்திருந்தாள். மனைவி இறந்தபின் தனியாகக் கந்தரப்பம் சுட முயன்றுகொண்டிருந்தார்.

"இன்னைக்கும் எண்ணெய்ல போட்டதும் பிரிஞ்சு போச்சு ஆச்சி."

"வெல்லம் கூடிட்டுன்னா பிரியத்தான் செய்யும்வே. பூதம் கைய ஓங்குது, குனியும்."

குனிவார். "வெல்லத்தைக் குறைச்சா அவ பண்ண மாதிரி இல்லையே."

"அப்ப எனக்கென்ன தெரியும்? நாங்க கடையில வாங்கித் திங்கிற ஆளுக."

பிலோமினாவின் ஒரு நாளில் மனிதக் குரல் என்பது இவ்வளவுதான். இது கிடைக்கும் என்றால் போர்த்தளம் என்ன, நரகத்துக்கு அழைத்தாலும் கை தூக்கியிருப்பாள். மற்றவர்களும் அப்படியே தூக்கினார்கள். பேரரசர் அதை வீரம் என்று புரிந்துகொண்டார்.

போர்த்தளத்தில் எதிரி மனிதன். அங்கே குரல் காற்றில் போகும். புதருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். கொல்லப்பட்டவர் பெயரையும் குரலையும் இழப்பார். மறுபடி வரலாம், ஆனால் வேறு பெயர், வேறு குரல். பழகியவரே எதிரில் நின்றாலும் தெரியாது. படை தன் முதல் வீரரை மூட்டுவலித் தைலம் பற்றிய விவாதத்தில் பறிகொடுத்தது. உடனே பேரரசர் ஆணையிட்டார்: எவரும் வாய் திறக்கக் கூடாது, எல்லாம் கைச்சைகை.

இடிமுழக்கன் முயன்றார். முடியவில்லை. ஒரு பதுங்குகுழியில் மெல்ல எதையோ சொல்லத் தொடங்கி அம்பு மழையை வரவழைத்தார். விசாரணையில், "சும்மாதான் இருந்தேன் ஆச்சி, எப்ப ஆரம்பிச்சேன்னே தெரியலை" என்று பிலோமினாவைப் பார்த்துச் சொன்னார். விசாரணையும் சைகையில் நடந்ததால் அதுவும் குற்றத்தில் சேர்ந்தது. அவரைப் படையிலிருந்து நீக்கினார்கள். வருத்தம் தெரிவிக்கச் சைகை எதுவும் வகுக்கப்படவில்லை. பிலோமினா கையைத் தொங்கவிட்டபடி நின்றாள்.

அதன்பின் படை வெல்லத் தொடங்கியது. பூதத்தின் கர்ஜனைக்கு நடுவே பிறர் கதையைக் கேட்டுப் பழகிய பிலோமினாவின் காதுக்கு எதிரியின் முணுமுணுப்பு ஒரு பொருட்டே இல்லை. செவித்தளபதி ஆனாள். அவள் விரல் நீட்டும் திசையில் அம்பு போகும்; அத்தோடு அங்கே பேச்சு நிற்கும்.

போர்த்தளப் பட்டியலில் முதலிடத்துக்கு இன்னும் ஒரு தலை மட்டும் தேவைப்பட்ட நாளில், மூங்கில் காட்டுக்குள் ஒரு முணுமுணுப்பு கேட்டது. விரலை நீட்டினாள். வில்லாளர்கள் ஊர்ந்தார்கள். நெருங்க நெருங்கச் சொற்கள் தெளிந்தன, பழகிய அந்தக் குரலும்.

"நேத்து லிஃப்ட்ல ஒரு அம்மா சிரிச்சாங்க. யாரைப் பாத்துன்னு நான் பின்னாடி திரும்பிப் பாத்தேன். பின்னாடி கண்ணாடிதான் இருக்கு."

"அப்புறம்?" என்றது ஏதோ ஒரு குரல்.

"அப்புறம் என்ன, என் மாடி வந்திருச்சு."

பிலோமினாவின் விரல் இன்னும் நீண்டிருந்தது. 'ஓடும்வே' என்று ஒரு சொல் போதும். சொன்னால் அவளையும் நீக்குவார்கள். நீக்கினால் மாலைகளை என்ன செய்வது என்று யோசித்தாள். பேசாத ஒரு கூட்டத்தை எதற்காக இழக்கப் பயப்படுகிறோம் என்று தோன்றியபோது ஒரு சருகு நொறுங்கியது.

"யாருங்க அங்க?" என்றார் இடிமுழக்கன், விருந்தாளிக்குக் கதவு திறப்பவரைப்போல. "வாங்க, வந்து உக்காருங்க."

அம்பு போனது.

வெற்றி விழாவில் கோட்டைக்குள் பேச அனுமதி கொடுத்தார் பேரரசர். எல்லோரும் நின்றார்கள். ஒருவர் "எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்றார். "இருக்கோம்" என்றார்கள். பல்செட்காரர் வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகப் புலன்முடியைக் கழற்றினார்கள்.

மறுநாள் கோட்டையில் பேரரசரும் பிலோமினாவும் மட்டும்.

"நாமதானேம்மா ஜெயிச்சோம். ஏன் யாரும் வரலை?" அவர் குரலில் பேரரசு இல்லை.

"அவுக முன்ன எதுக்கு வந்தாகன்னு ஒமக்குத் தெரியுமாவே?"

"பூதம் அடிக்கத்தான்."

பிலோமினாவுக்கு இடிமுழக்கன் நினைவு வந்தது. வேறு குரல் கொடுத்திருந்தாலும் அந்த மனிதரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பழைய குகை வாசலில் நின்று யாரிடமாவது எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார், பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தாள். அமைதித்தளத்தின் வாசலைத் தேடிப் போனாள்.

அதைப் போன வாரமே மூடிவிட்டார்கள். வருவதற்கு ஆள் இல்லையாம்.