கோட்டுக்குப் போன பெட்டி

சர்க்கரைக்குப் பூட்டுப் போடும் வீடு உலகத்தில் எத்தனை இருக்குமோ, இது அதில் ஒன்று. காலையில் மாமியார் இடுப்புச் சாவியால் சமையலறை அலமாரியைத் திறந்தாள். நாலு டீக்கு வேண்டிய சர்க்கரையைக் கிண்ணத்தில் போட்டாள். மறுபடி பூட்டி, பூட்டை ஒருதரம் இழுத்தும் பார்த்தாள். மூத்த மருமகள் அடுப்பருகில் நிற்கும்போதே இதெல்லாம் நடக்கும். ஒன்பது வருஷமாக நடக்கிறது.

"இன்னைக்கு நீயும் ஏலத்துக்கு வா. காரைத் துடைக்க ஆள் வேணும். துணியை எடுத்துக்கோ. வேற எதையும் எடுத்துடாதே."

"இன்னைக்காவது அதைச் சொல்லாம இருக்கக்கூடாதா அத்தை..."

"செஞ்சவளுக்கே உறைக்கல. சொல்ற எனக்கென்ன?"

மருமகளின் புருஷன் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்த மகானுபாவன், பெண்டாட்டியை மட்டும் ஒன்பது வருஷமாக நேராகப் பார்த்ததில்லை.

ஏலத்துக்குப் போகும் கார் காலஞ்சென்ற மாமனாருடையது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் வண்டி, கரும்பச்சை நிறம். பெற்ற பிள்ளைகளைவிட அதைத்தான் அவர் அதிகம் தடவிக்கொடுத்தார். அதன் டிக்கியில் ஒரு தட்டையான மரப்பெட்டி இருந்தது. உள்ளே ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் அளவில் பள்ளம், மூடியில் பித்தளைத் தகட்டில் காரின் நம்பர். இளைய மகனின் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு அந்தப் பெட்டி காணாமல் போயிற்று. மருமகளின் தம்பி ஒர்க்‌ஷாப் மெக்கானிக். அந்த வாரம்தான் அக்காவைப் பார்க்க வந்து போயிருந்தான். வேறென்ன வேண்டும் இவர்களுக்கு? அக்கா எடுத்தாள், தம்பி விற்றான் என்று தீர்ப்பாகிவிட்டது. மாமனார் அந்த வருத்தத்தோடேயே போய்ச் சேர்ந்தார். தம்பி அதற்கப்புறம் அந்த வாசற்படி மிதிக்கவில்லை.

எடுத்தவன் யாரென்று அவளுக்குத் தெரியும். அவள் கொழுந்தன். வீட்டில் அவனுக்குத் துரை என்று பேர். ஒரு துரும்பையும் அசைக்காமல் விறைப்பாக நிற்பதால் வந்த பேர். பெட்டியும் கையுமாகப் பின்வாசலில் மாட்டிக்கொண்டவன் சட்டென்று அவள் காலில் விழுந்தான். "அண்ணி, கல்யாணத்துக்கு ஒரு கோட்டு தைக்கணும், அதான்... அப்பாவுக்குத் தெரிஞ்சா கல்யாணத்தையே நிறுத்திடுவார். அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? கல்யாணம் முடிஞ்ச மறுநாளே நானே சொல்லிடறேன்."

முகம் பார்த்திராத ஒரு பெண்ணுக்காக அவள் வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் வந்தது, போனது. "மெக்கானிக் வந்துட்டுப் போனாரே" என்று முதலில் எடுத்துக்கொடுத்ததே துரைதான். பொறுக்க முடியாமல் ஒருநாள் அவள் புருஷனிடம் உண்மையைச் சொன்னாள். "உன் தம்பியைக் காப்பாத்த என் தம்பி மேல பழியா?" என்றான் அவன். அதோடு விட்டுவிட்டாள். அப்பன் பொருளைத் திருடியவன் எதற்காகத் திருடினான்? பசிக்கா, நோய்க்கா? கோட்டுக்கு! அவள் வயிறு எரிந்ததெல்லாம் அதற்குத்தான்.

ஏலக்கூடத்தில் துரை அதே கோட்டில் நின்றான். தொப்பை வைத்ததில் பொத்தான் எப்போதோ கைவிட்டிருந்தது. ஏலக் கம்பெனி அதிகாரி காரைச் சுற்றிவந்து குறித்துக்கொண்டார். "எல்லாம் ஒரிஜினல். டூல் பெட்டி மட்டும் இல்லை."

"வீட்டுக்குள்ளயே திருட்டு சார், யார்கிட்ட சொல்றது" என்றான் துரை, பெருமூச்சு விட்டு. காரைத் துடைத்துக்கொண்டிருந்தவளை மாமியார் திரும்பிப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தான். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் நரைத்த தலையோடு ஒருவர், துணி சுற்றிய பெட்டியுடன் வந்தார். வெளியூர்ப் பல் டாக்டர், பழைய கார் என்றால் உயிர். துரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "தம்பி, ஞாபகம் இருக்கா? கல்யாணக் கோட்டுக்குன்னு சொல்லி இந்தப் பெட்டியை எங்கிட்ட வித்தீங்களே. ஏல விளம்பரத்துல காரைப் பார்த்தேன். யார் எடுத்தாலும் பெட்டி காரோட சேரட்டும்னு கொண்டுவந்துட்டேன்."

துணியை விலக்கினார். அதிகாரி பித்தளைத் தகட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்து, "அதே நம்பர்தான்" என்றார்.

"சார் ஆள் மாத்திப் பேசறார்" என்று துரை பல்லை இளித்தான்.

"ஆளை மறப்பேன் தம்பி, பல்லை மறக்க மாட்டேன். முன்பல் ரெண்டுக்கும் நடுவுல இவ்வளவு சந்து. அன்னைக்கே சொன்னேன், கோட்டுக்குப் பதிலா இதைச் சரி பண்ணிக்கோங்கன்னு."

துரை வாயை மூடினான். வாழ்நாளில் அவன் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மாமியார் மகனுக்கு எதிரே போய் நின்றாள். "கோட்டைக் கழட்டு."

"அம்மா, எல்லாரும் பார்க்கறாங்க..."

"பார்க்கட்டும். கழட்டு."

அவன் கழற்றினான். புருஷன் மனைவியின் பக்கம் வந்தான், கண் நிறைந்திருந்தது. "நான் உன்னை..."

"நான் சொன்னேன். நீங்க கேக்கலை" என்றாள். அதற்குமேல் அவனுக்குக் கொடுக்க அவளிடம் அன்றைக்கு ஒன்றும் இல்லை.

மாமியார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி நீட்டினாள். "இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்மா. நான் பாவி... எனக்கு நீ சமைச்சுப் போட, நான் உனக்குச் சர்க்கரையைப் பூட்டினேனே..."

"சாவி எனக்கு எதுக்கு அத்தை? பூட்டைக் கழட்டிடுங்க." கையிலிருந்த துணியை உதறி மடித்தாள். "வீட்டுக்குப் போற வழியிலதான் என் தம்பி ஒர்க்‌ஷாப். அவன்கூட வேலை பார்க்கறவங்க எல்லார் முன்னாலயும் நீங்களே இறங்கி அவனை வீட்டுக்குக் கூப்பிடுங்க."

"கூப்பிடறேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன்" என்று கிழவி அவள் தோளில் சாய்ந்து குலுங்கினாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவளும் அழுதாள். இருவரும் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த துணியைத் துரையிடம் நீட்டினாள்.

"ஏலத்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கு. நீங்க துடைங்க. கோட்டு இல்லாததால குனியறதுக்குச் சுலபமாத்தான் இருக்கும்."

துரை சக்கரத்தின் அருகே குனிந்தான்.