ஏழாம் குழாயில் ஒரு நெடுமேனியர்

பிரசவ அறையின் கதவு திறந்தது. டாக்டர் சுகந்தி இரண்டு கைகளாலும் சுவரைத் தள்ளி வெளியே மிதந்து வந்தாள். காத்திருந்த குடும்பத்தைப் பார்த்து முகம் நிறையச் சிரித்தாள்.

"பொம்பளப் பிள்ளை. கால் எதுவும் இல்லை. கடவுள் புண்ணியத்துல எல்லாம் நல்லபடியா இருக்கு."

பிள்ளையின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டான். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் மேலே காற்றுக்குழாயின் சல்லடையைத் துடைத்துக்கொண்டிருந்த சிதம்பரதாணு டாக்டரின் கண்ணில் பட்டான். அவனுடைய இரண்டு கால்களும் அவனுக்குப் பின்னால் கொடியில் காயும் வேட்டிபோல அலைந்துகொண்டிருந்தன. டாக்டரின் முகம் வெளிறிப்போயிற்று.

"ஐயோ தாணு அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நான் உங்களச் சொல்லல."

"தெரியும் டாக்டர். நான் ஒண்ணும் நினைக்கல."

"இல்ல, உங்க மனசு நோகும்படி ஒரு பேச்சு வாயில வந்துட்டு. நானே வாரியத்துல எழுதிக் குடுத்திருதேன்."

சொன்னபடி எழுதியும் கொடுத்தாள். மேலக்குலசையில் ஆட்கள் அவ்வளவு நல்லவர்கள். நல்லவர்கள் மட்டுமே நிறைந்த ஊரில் ஒரு காரியம் நடப்பது எத்தனை கஷ்டம் என்பதை அங்கே அறிந்தவன் தாணு ஒருவன்தான்.

மேலக்குலசை என்பது பூமியைச் சுற்றி மிதக்கும் குடியிருப்பு. குலசேகரப்பட்டினத்துக்கு நேர் மேலே, ஆயிரத்து எண்ணூறு பேர், எடை என்பதே கிடையாது. எடையில்லாத இடத்தில் காலுக்கு என்ன வேலை? சும்மா தொங்கும், கம்பியில் மாட்டும், காற்றையும் சோற்றையும் பங்கு கேட்கும். அதனால்தான் நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் முதல் கப்பலில் நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்தபோது கால் இல்லாதவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். பிறகு பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் கருவிலேயே கால்தவிர்ப்பு ஊசி. தாணு கருவில் இருந்த வருஷம் மருந்துக்கப்பல் மூன்று மாதம் தாமதம். அவ்வளவுதான் அவன் கதை.

அந்த முதல் நாற்பது பேரும் பூமியில் வாங்கிய பேச்சு கொஞ்சமா? தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் அவர்கள் உடம்பையே பெயராக வைத்துக் கூப்பிட்டிருக்கிறான். மேலே வந்ததும் அவர்கள் எழுதிய முதல் சட்டம், இங்கே யாரையும் உடம்பைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது. அதைக் காக்கப் பிறந்ததுதான் கண்ணியச் சொல் வாரியம். சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. தாணுவே அதற்குக் கை தூக்குவான். சின்ன வயதில் பையன்கள் அவனைத் தொங்கட்டான் என்று கூப்பிட்டு குழாய் குழாயாக விரட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல் இன்னும் அவன் காதில் கிடக்கிறது. ஏனோதானோவென்று செய்த வேலைக்கு 'கால்வேலை' என்றும், ஒப்புக்கொள்ள முடியாத சாக்குக்கு 'கால்சாக்கு' என்றும் ஊர் பேசிக்கொண்டிருந்ததை வாரியம்தான் நிறுத்தியது. அதில் அவனுக்கு நன்றி உண்டு.

அவனுக்கு வேண்டியிருந்தது வேறு. ஏழாம் குழாயின் வளைவை ஒரு முழம் அகலமாக்க வேண்டும்.

குடியிருப்பின் மறுபாதியில் பள்ளிக்கூடம் இருந்தது. போக ஒரே வழி ஏழாம் குழாய். அது பாதி தூரத்தில் சட்டென்று செங்குத்தாகத் திரும்பும். ஊரார் கையால் ஒரு உந்து உந்தி மீன்குஞ்சுபோல வளைந்து போய்விடுவார்கள். தாணு காலை மடக்கினால் முட்டி இடிக்கும், நீட்டினால் பாதம் இடிக்கும். வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்றால் விண்ணுடை வேண்டும். ஊரில் உள்ள விண்ணுடை எல்லாம் இடுப்போடு தைத்து முடித்தவை.

அவன் மகள் அங்கயற்கண்ணிக்கு ஒன்பது வயது. நான்கு வருஷமாக அந்தப் பள்ளியில் படிக்கிறாள். நான்கு ஆண்டு விழாவையும் தாணு திரையில்தான் பார்த்தான். "நீ வரமாட்டியாப்பா?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். இந்த வருஷம் கேட்கவில்லை. அது அவனுக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே மனு எழுதினான்.

'நான் ஒரு தொங்கட்டான். ஏழாம் குழாய் வளைவில் என்னால் திரும்ப முடியவில்லை. ஒரு முழம் அகலப்படுத்தித் தரவும்.'

கோபத்தில் எழுதிய சொல். அங்கேதான் அவன் கோட்டை விட்டான். மனுக்களைப் படிக்கும் சொல்லறிவி என்ற இயந்திரம் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. இரண்டாம் வரியை அது படிக்கவேயில்லை. மனு பொறியியல் துறைக்குப் போகாமல் நேரே வாரியத்துக்குப் போயிற்று.

வாரியத் தலைவி ஹெப்சிபா கண்கலங்கித்தான் அவனை வரவேற்றாள்.

"தம்பி, உங்கள ஒருத்தன் இப்படியொரு கேவலமான வார்த்தை சொல்லியிருக்கான். வாரியம் சும்மா விடாது."

"அக்கா, சொன்னது நான்தான்."

"யாரு சொன்னாலும் குத்தம் குத்தந்தான். பாதிக்கப்பட்டவரு நீங்க. செஞ்சவரும் நீங்க. நீங்க உங்ககிட்ட எழுத்து மூலமா மன்னிப்புக் கேக்கணும்."

தாணு கேட்டான். 'அன்புள்ள சிதம்பரதாணு அவர்களுக்கு' என்று தொடங்கி ஒரு பக்கம். பிறகு அதைப் பெற்றுக்கொண்டவன் என்ற முறையில், திருப்தியா என்று கேட்ட கட்டத்தில், 'திருப்தி இல்லை. வளைவை அகலப்படுத்தினால் திருப்தி' என்று எழுதினான். தன் சாமர்த்தியத்தை அவனே மெச்சிக்கொண்டான்.

ஹெப்சிபா சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "பரிகாரம் கேக்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு தம்பி. ஆனா குத்தம் செஞ்சவர்கிட்டதான் கேக்க முடியும். வளைவ அவருதான் அகலப்படுத்தித் தரணும்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த ஒரு சொல்லுக்கு மாற்றாகக் கண்ணியமான சொல் ஒன்றும் இல்லையே என்று வாரியத்துக்கு உறுத்தியது. கூடினார்கள். எட்டு மாதம் கூடினார்கள். 'மிகையுறுப்பினர்' என்றார் ஒருவர். மிகை என்றால் வேண்டாதது என்று ஆகாதா என்றார் அடுத்தவர். 'ஈரடியார்' என்பதில் பக்தி வாடை அடித்தது. 'கூடுதல் சிறப்பினர்' என்றதும், அப்படியானால் நாங்கள் என்ன சிறப்பில் குறைந்தவர்களா என்று ஒரு அம்மாள் வெளியேறிவிட்டாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தாணுவைக் கூப்பிட்டு நடுவில் மிதக்கவிட்டார்கள்.

"இந்தச் சொல்லக் கேக்கும்போது உங்க மனசுக்கு எப்படி இருக்கு?"

"மனசுக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்த வளைவு மட்டும்..."

"அது பொறியியல் துறை. இங்க உணர்வ மட்டும் சொல்லுங்க."

பொறியியல் துறைக்கும் போனான். அங்கே பொறியாளனாக இருந்த காஜா, கால் நீளாத சின்ன வயதில் அவனோடு படித்தவன், பழகியவன். தலையைச் சொறிந்தான்.

"வே, அந்த வளைவுல கைவச்சா காத்தழுத்தம் ஊரையே பிச்சுப் போட்டிரும். பத்து வருச ஆய்வு வேணும். படத்துல பாத்துக்கிடும்வே, நல்லாத்தான தெரியுது."

கடைசியில் 'நெடுமேனியர்' என்ற சொல் ஏகமனதாக நிறைவேறியது. ஊர் முழுக்க நெடுமேனியர் என்று ஒருவன்தான் இருந்தான் என்றாலும், சொல் அழகாக இருந்தது. செய்தி பூமிக்கும் எட்டியது. அந்த வருஷத்தின் சிறந்த கண்ணியச் சொல் என்று பூமியில் ஒரு பல்கலைக்கழகம் அதற்கு விருது அறிவித்தது. துணைவேந்தர் வேங்கடரமணி நேரில் வந்து, பள்ளி ஆண்டு விழாவிலேயே விருதைத் தருவார் என்று முடிவாயிற்று.

விழா நாள். விண்கலத்தின் கதவு திறந்து துணைவேந்தர் வெளியே வந்தார். ஆறடி இரண்டங்குலம். அதில் பாதிக்குமேல் கால். வரவேற்பு மாலையோடு காத்திருந்த ஹெப்சிபா அந்தக் கால்களைப் பார்த்தாள்; காஜாவைப் பார்த்தாள்; காஜா ஏழாம் குழாயைப் பார்த்தான்.

துணைவேந்தர் காலைப் பலகாரம் சாப்பிட்டு முடிப்பதற்குள் வளைவை அறுத்துவிட்டார்கள். ஒரு முழம் இல்லை, இரண்டு முழம். காற்றழுத்தம் ஊரைப் பிய்த்துப் போடவில்லை. ஒரு இழை காற்றுகூடக் கசியவில்லை.

தாணு காஜாவின் தோளைத் தொட்டான். "அவரும் நெடுமேனியர்தான வே?"

காஜா பதறிப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தான். "சும்மா இரும். காதுல விழுந்தா என்ன நினைப்பாரு? அவரு விருந்தாளி."

விருந்தாளிக்குப் பின்னாலேயே தாணுவும் புகுந்தான். காலை நீட்டியபடி, எங்கும் இடிக்காமல், ஏழாம் குழாயைத் தாண்டினான். மேடையில் பாடிக்கொண்டிருந்த அங்கயற்கண்ணி அவனைப் பார்த்ததும் பாட்டை விட்டுவிட்டாள். வாத்தியார் எடுத்துக்கொடுக்கக் கொடுக்க அவள் சிரித்துக்கொண்டே மிதந்தாள். தாணு அழுதான். எடையில்லாத இடத்தில் கண்ணீர் வழியாது, கண்ணிலேயே உருண்டு நிற்கும். அவன் அதைத் துடைக்கவும் இல்லை.

துணைவேந்தர் விருதைக் கொடுத்து முக்கால் மணி நேரம் பேசினார். சொல்லால் நேரும் காயத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பேச்சு முடிந்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். அங்கயற்கண்ணி கை தூக்கினாள்.

"எனக்குக் கடல் பத்திப் படிக்கணும் சார். உங்க காலேஜுக்கு வரலாமா?"

"தாராளமா வாம்மா. உன்ன மாதிரி இருக்கிறவங்களுக்குன்னே எங்க ஊர்ல அருமையான பேர் ஒண்ணு வச்சிருக்கோம். எனக்குத் தெரிஞ்சே இது அஞ்சாவது பேர். ஒவ்வொண்ணும் முன்னதவிட கௌரவமானது."

"எனக்குப் பேர் இருக்கு சார். அங்க வாசல் எப்படி இருக்கும்?"

துணைவேந்தரின் முகம் மலர்ந்தது. "பழைய கட்டடம்மா. கருங்கல் வாசல். முன்னால முப்பது படி, பாக்கவே அவ்வளவு கம்பீரமா இருக்கும்."

"படின்னா என்ன சார்?"

மேலக்குலசையில் பிறந்த பிள்ளை படியை எங்கே கண்டது? துணைவேந்தர் கையால் காற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து காட்டினார். "இப்படி அடுக்கடுக்கா இருக்கும். ஒவ்வொண்ணுலயும் கால் வச்சு, அப்படியே..."

அங்கே நிறுத்திக்கொண்டார். அரங்கில் இருந்த முந்நூறு பேரும், தங்கள் வாழ்நாளில் முதல்முறையாக, குனிந்து தங்கள் இடுப்புக்குக் கீழே பார்த்தார்கள்.

"அப்ப நான் எப்படி உள்ள வாரது?" என்றாள் அங்கயற்கண்ணி.

"அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம்மா" என்றார் துணைவேந்தர். "எட்டு வருஷமா ரொம்ப நல்லா வேலை செய்யுது."

தாணு ஒருவன் மட்டும் வாய்விட்டுச் சிரித்தான். அடக்க முடியவில்லை. ஹெப்சிபா திரும்பி அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதமாக அதே முகத்தோடுதான் அவள் முன்னால் மிதந்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலையிலேயே வாரியம் அவசரமாகக் கூடியது. முப்பது படிகளைப் பற்றி இனியாவது பேசுவார்கள் என்று தாணு எதிர்பார்த்தான். அவர்கள் 'உன்ன மாதிரி இருக்கிறவங்க' என்ற தொடரைக் கண்டித்துப் பூமிக்குத் தீர்மானம் எழுதினார்கள். அது போய்ச் சேருவதற்குள் பூமியிலிருந்து ஒரு புகார் வந்தது. விருதுப் பத்திரத்தைத் திரும்பும் வழியில் படித்துப் பார்த்த துணைவேந்தர், இரண்டு கால் உள்ளவர் எல்லோரும் நெடுமேனியர் என்றால் தானும் அதில் அடக்கமா என்று கொதித்துப்போய்க் கேட்டிருந்தார். 'நான் சாதாரண மனிதன். என்னை எந்தப் பெயராலும் குறிக்க வேண்டியதில்லை' என்று முடித்திருந்தார். ஒருவர் மனம் புண்பட்டுவிட்டதே. மறு ஆய்வு முடியும்வரை நெடுமேனியர் என்ற சொல்லை நிறுத்திவைத்தார்கள்.

அதே நேரத்தில் ஏழாம் குழாயில் காஜா இரண்டு ஆட்களோடும் பற்றவைக்கும் கருவியோடும் வந்து சேர்ந்தான். விருந்தாளி போய்விட்டார்; வளைவைப் பழையபடி அடைக்க வேண்டும். மகளை முதல்முறையாகப் பள்ளியில் விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தாணு விஷயத்தைக் கேட்டான். வளைவின் நடுவே போய்க் கால்கள் இரண்டையும் குறுக்கே நீட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"வே, நகரும். எங்க மேல கோவப்பட்டு என்ன செய்ய?"

"கோவமில்ல வே. நகரல. மேல எழுதிக் குடுத்துக்கிடும்."

காஜா படிவத்தைத் திறந்தான். 'பணிக்கு இடையூறு செய்பவர் எவ்வகையினர்?' என்று முதல் கட்டம். நெடுமேனியர் என்று எழுதினான், சொல்லறிவி தள்ளிவிட்டது. நிறுத்திவைத்த சொல். பழைய சொல்லை எழுதினால் காஜா தாணுவிடம் ஒரு பக்கம் மன்னிப்பு எழுத வேண்டும். வெறுமனே விட்டால் படிவம் நகராது. படிவம் நகராமல் ஆளை நகர்த்த முடியாது. காஜா பெருமூச்சு விட்டுக் கருவியை அணைத்தான். மற்ற இரண்டு பேரும் அதற்குள் டீக்குப் போயிருந்தார்கள்.

அந்த வளைவு இன்னும் திறந்தே கிடக்கிறது. தாணு தினமும் மகளைக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருகிறான். வாரியம் வாரம் இரண்டு முறை கூடுகிறது. அகராதிகளைப் பூமியிலிருந்து தருவிக்கிறார்கள், அறிஞர்களைக் கலந்துகொள்கிறார்கள், நல்ல சொல் ஒன்று கிடைக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டதாகக் கேள்வி. அவர்களுக்கு அது கிடைத்துவிடக் கூடாதே என்று சிதம்பரதாணு அன்றாடம் சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறான்.