மரத்துப் போகாத இடம்

ஊசி குத்தியது வலது கீழ்த்தாடையின் கடைக்கோடியில். மரத்துப்போனது இடது காலின் கட்டைவிரல்.

உலகம்மை அதை உடனே சொல்லவில்லை. நாற்காலியின் இரும்புப் படி பாதத்தில் சில்லென்று பட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சில்லிப்பு கட்டைவிரலில் மட்டும் காணாமல் போயிருந்தது. விரலை மடக்கிப் பார்த்தாள். மடங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. வண்டியை விட்டிறங்கி ஈரத்தில் நடந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கொல்லம் ஆண்டு 1111, ஆனி மாதம். மூன்று நாளாக மழை விடவில்லை. அந்த மாடி அறையின் ஓட்டின்மேல் மழை விழும் சத்தமும், கீழே கடைத்தெருவின் சேற்றில் மூட்டை வண்டிகள் திணறும் சத்தமும், கார்பாலிக் நெடியும், அதற்கு அடியில் கிராம்பு எண்ணெயின் மணமும், அதற்கும் அடியில் யார் யாரோ துப்பிவிட்டுப் போன ரத்தத்தின் துருவாடையுமாகச் சேர்ந்து, பகல் பதினொரு மணிக்கே அங்கே அந்தி இறங்கியது போலிருந்தது.

"மரத்தாச்சோ?" என்று கேட்டார் கோசி டாக்டர். கோட்டயத்துக்காரர், தமிழ்க் குடும்பங்களோடு பழகிப் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். அவர் கேட்டது உலகம்மையிடம் இல்லை. அவள் பின்னால் நின்றுகொண்டிருந்த அவள் கணவன் தாணுலிங்கத்திடம்.

"மரத்தாச்சான்னு கேக்காரு," என்றான் தாணுலிங்கம்.

"இல்ல. பல்லு அப்படியேதான் வலிக்கு. காலுதான் மரத்திருக்கு."

டாக்டர் சிரித்தார். "வாயில வெச்ச மருந்து காலுக்குப் போகுமா? அது பேடி கொண்டு, பயத்துல தோணுறது."

"அவளுக்குக் கொஞ்சம் பயம் கூடுதல், டாக்டர். பிரசவத்துலயும் இப்பிடித்தான்."

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. பிரசவத்தில் என்னவோ சரியில்லை என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே கிடந்தாள். யாரும் நம்பவில்லை. பிள்ளை குறுக்கே கிடந்தது மூன்றாம் நாள்தான் மருத்துவச்சிக்குத் தெரிந்தது. அந்தப் பெண்பிள்ளை செல்லபாய்க்கு இப்போது ஆறு வயது. காலையில் வண்டி ஏறும்போது, பிடுங்கிய பல்லை எனக்குக் கொண்டு வா என்று கேட்டிருந்தது.

தாணுலிங்கம் கெட்டவன் இல்லை. சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தான். ஞானப்பல் சாய்ந்து முளைத்து, ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல் அவள் கிடந்த பதினோரு நாளும் உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவன் அவன்தான். இன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான்.

டாக்டர் வளைந்த கம்பியால் பல்லை ஒரு தட்டுத் தட்டினார். வலி காதுக்குள் ஏறி உச்சந்தலையில் போய் நின்றது. அவள் துள்ளினாள்.

"சிலருக்கு ஒண்ணு போராது," என்று சொல்லி, டாக்டர் இரண்டாவது ஊசியைப் போட்டார்.

அது எங்கே போகிறது என்று உலகம்மை கவனித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் போயிற்று. அடுத்த கால் போயிற்று. புடவைக்குள் தொடை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போயிற்று. வெள்ளம் ஏறுவதைப்போல் ஏறிக்கொண்டே வந்தது. தாடையில் மட்டும் ஏறவில்லை. சுற்றிலும் எல்லாம் அடங்க அடங்க, அந்தப் பல் ஒன்றுதான் உடம்பில் உயிரோடு இருப்பதுபோல் துடித்தது.

"வேண்டாம், போவோம்," என்றாள். "இன்னொரு நாளு வருவோம்."

"இப்பம் முடிஞ்சிரும், உலகு. பதினோரு நாளா ஒறங்கினியா நீ?" தாணுலிங்கம் பக்கத்தில் வந்து அவள் கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டான்.

அவள் அதைப் பார்த்தாள். அவனுடைய விரல்கள் அவள் விரல்களை இறுக்கியிருந்தன. நகத்தடியில் வெளுப்பு ஏறும் அளவுக்கு இறுக்கியிருந்தன.

"என் கையப் பிடிச்சிருக்கேளா?" என்று கேட்டாள்.

அவன் குனிந்து கைகளைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "பிடிச்சிட்டுத்தான இருக்கேன்." ஒரு கணம் அவன் முகம் மாறியது. "டாக்டர், கையும் மரத்திருக்குன்னு சொல்லுகா. ஒண்ணும் கொழப்பம் இல்லியே?"

"ஒண்ணுமில்ல. இது கடைசி." மூன்றாவது ஊசி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

அவள் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். நாக்கு வரவில்லை. வாய்க்குள் வேறு யாருடைய மாமிசமோ கிடப்பதுபோல் கனத்துக் கிடந்தது. தலையை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. கண்ணிமைகள் பாதி இறங்கி அங்கேயே நின்றுவிட்டன. மூச்சு விடுகிறோமா என்று தெரியவில்லை. நெஞ்சு எங்கே என்று தேடினாள். அங்கே ஒன்றுமில்லை.

கம்பி மறுபடியும் பல்லைத் தட்டியது. உள்ளே அவள் அலறினாள். நாற்காலியில் கிடந்த உடம்பு அசையவில்லை.

"கண்டோ?" என்றார் டாக்டர். "இப்போ சரியாயி."

"இப்பம் எப்பிடி அமைதியாயிட்டா," என்றான் தாணுலிங்கம். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை அவள் கேட்டாள்.

ஈறு கிழிந்தது. எலும்புக்கும் பல்லுக்கும் நடுவே ஓர் உளி நுழைந்தது. நெம்பியது. வழுக்கியது. மறுபடி நுழைந்தது. குறடு வந்தது. கடித்துப் பிடித்தது. முன்னே. பின்னே. முன்னே. எலும்பு நெரியும் சத்தம் காதுக்குள்ளிருந்து கேட்டது. வேர் விடவில்லை. டாக்டரின் முழங்கால் நாற்காலிக்கு முட்டுக் கொடுத்தது. அவர் மூச்சில் காப்பி வாசனை. நெற்றி வியர்வை ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது. அது தெரியவில்லை. பல் தெரிந்தது. பல் மட்டும். திருகல். இன்னொரு திருகல். மயக்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. முன்னே. பின்னே.

முறிந்தது.

"ஒரு வேரு உள்ளே நின்னு," என்றார் டாக்டர். மீண்டும் உளியை எடுத்தார்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் ஏதோ தட்டில் விழுந்து டிங் என்றது.

"முடிஞ்சு. துப்பிக்கோ."

அவள் துப்பவில்லை. கடைவாயில் வழிந்த ரத்தம் புடவையில் இறங்கிப் பரவியது. டாக்டர் அவள் தோளைத் தட்டினார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். மூக்கருகில் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுப்பதை, பாதி இமைக்கு அடியிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் நனைந்த குடையோடு இன்னொரு டாக்டர் வந்தார். நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ஹார்ட் நின்னு போயாச்சு," என்று சொல்லி, அவள் கண்களை மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு இருட்டும் சத்தமும்தான்.

தாணுலிங்கம் தரையில் உட்கார்ந்ததைக் கேட்டாள். அவன் அழுகை அவள் இதுவரை கேட்காத குரலில் இருந்தது. "நீ சொன்னியே. காலு, கையின்னு. நாந்தான் கேக்கல்ல. நாந்தான்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் சொன்னதை அவன் இப்போது நம்பிவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. இங்கேயேதான் இருக்கேன் என்று சொன்னாள். சொன்னது அவளுக்கு மட்டும் கேட்டது.

வில்வண்டி வலியசாலையிலிருந்த வீட்டுக்குத் திரும்பியது. ஒவ்வொரு குழியில் சக்கரம் இறங்கும்போதும் பல் இருந்த பள்ளத்தில் வெட்டு விழுந்தது. வேறெங்கும் ஒன்றுமில்லை. வீட்டில் பெண்களின் ஓலம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம். மஞ்சள் வாடை. தண்ணீரில் கொஞ்சம் வாய்க்குள் போய்ப் பள்ளத்தைத் தொட்டபோது மட்டும் தண்ணீர் இருப்பது தெரிந்தது. தாடை தொங்காமல் இருக்க, நாத்தனார் பகவதியம்மாள் துணிக்கீற்றால் இழுத்துக் கட்டினாள். கட்டு இறுகியது. பள்ளம் நெரிந்தது.

"அத்தே, அம்ம அழுகா," என்றது செல்லபாயின் குரல், மிக அருகில்.

உலகம்மை தன் உயிர் முழுவதையும் கண்ணுக்குக் கொண்டுவரப் பார்த்தாள்.

"குளிப்பாட்டின தண்ணி, மக்ளே."

"இல்ல அத்தே. தொடச்ச பெறவும் வருகு."

மழை ஓய்ந்து இறவாரம் சொட்டுவது கேட்டது.

"பிள்ளைய அந்தால கூட்டிட்டுப் போங்க. பயந்துரும்," என்றது ஓர் ஆண் குரல். "மழை விட்டிருக்கும்போதே எடுத்திருவோம். வாய்க்கரிசி போடுங்க."

தாடைக்கட்டை அவிழ்த்தார்கள். பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். அரிசி பல்லில் பட்டு உதிரும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. பத்துப் பேர். பதினைந்து பேர். நாக்கின்மேல் குவிந்தது. தொண்டை அசையவில்லை.

"பெத்த பிள்ளை போடாண்டாமா? கூப்பிடுங்க."

சின்ன வளையல்களின் சத்தம் அருகில் வந்து நின்றது.

"உள்ள தள்ளு, மக்ளே. வெளிய விழுகு பாரு."

பிள்ளையின் விரல் தயங்கியது. பிறகு சொன்னபடி செய்தது. அரிசியைத் தள்ளியது. உள்ளே. வலப்பக்கமாக. ஒரு மணி. இன்னொரு மணி. நாலைந்து சேர்ந்து. உடைந்த எலும்பின் விளிம்பைத் தாண்டி, அடி வரைக்கும்.

யாரோ துணிக்கீற்றை மறுபடியும் இறுக்கிக் கட்டினார்கள். பாடையைத் தூக்கினார்கள். வாய்க்குள் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. பள்ளத்தில் கிடந்த அரிசி அதில் மெல்ல ஊறி, ஒவ்வொரு மணியாகப் பருக்கத் தொடங்கியது.