பூனைக்குட்டியும் பின்கதவும்

அந்த வீட்டில் வாயை மூடத் தெரியாதவை இரண்டு. ஒன்று, வாயாடி. இன்னொன்று, பேக்கரியின் பின்கதவு.

வாயாடிக்குப் பத்து வயது. வீடு, பள்ளி, தெரு என்று எங்கே போனாலும் அவளுக்கு அதுதான் பெயர். பின்கதவின் வயது யாருக்கும் தெரியாது. திறக்கும்போது சமர்த்தாகத் திறக்கும். சாத்தும்போதுதான் 'கிரீ...ச்' என்று ஊரைக் கூட்டும். உடனே மாடியில் தூங்கும் தம்பிப் பாப்பா அலறிக்கொண்டு எழுந்துவிடுவான்.

மாடியில் வீடு, கீழே அம்மாவின் பேக்கரி. சாயங்காலமானால் சூடான பன் வாங்க வாசலில் கூட்டம் நிற்கும். அம்மா கைப்பக்குவம் அப்படி. ஆனால் ராசி பார்ப்பதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நீல ஏப்ரனைக் கட்டாமல் மாவில் கை வைக்க மாட்டாள். மாவு பிசையும்போது யாராவது தும்மினால் போச்சு, அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒருமுறை அப்பாவுக்கு ஜலதோஷம் பிடித்தது. பாவம், அவர் தெருவில் நின்றுதான் காபி குடித்தார்.

வாயாடியின் தோழி பூனைக்குட்டி. பக்கத்துத் தெருவுக்குப் புதிதாக வந்தவள். நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது. அதனால் வாயாடி வைத்த பெயர் அது. பள்ளி விட்டதும் பூனைக்குட்டி வீட்டில் தலைகாட்டிவிட்டு, பையோடு பின்கதவு வழியாக பேக்கரிக்கு வந்துவிடுவாள். இருவரும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வார்கள். அதாவது, பூனைக்குட்டி எழுதுவாள், வாயாடி பேசுவாள்.

குளிர்காற்று அடிக்கத் தொடங்கியதும் வம்பு வந்தது.

பன் மாவு உப்பவில்லை. பின்கதவுக்கு அருகில், ஈரத்துணி போர்த்திய பெரிய பாத்திரத்தில், வைத்தது வைத்தபடி கிடந்தது. அடுப்பிலிருந்து எடுத்த பன்னைக் கடித்த அப்பா, பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அடுத்த நாளும் அதே கதை. ஞாயிற்றுக்கிழமை பூனைக்குட்டி வரவில்லை. அன்றைக்குப் பார்த்து, மாவு பாத்திரம் தளும்பப் பொங்கியது.

"இப்பத்தான் எனக்கு விஷயமே புரியுது," என்றாள் அம்மா, மறுநாள் சாயங்காலம். "உன் சிநேகிதி வர்ற அன்னைக்கெல்லாம் மாவு படுத்துக்குது. வரலேன்னா பொங்குது. அவ காலு ராசியில்லாத காலு."

"அம்மா! அவ மாவுப் பக்கமே போகலையே!"

"போக வேற வேணுமா? இப்படியே கல்லு கல்லா பன் வித்தா நாளைக்கு ஒருத்தர் வரமாட்டாங்க. கொஞ்ச நாளைக்கு அவளை வரவேண்டாம்னு சொல்லு."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கதவருகில் பூனைக்குட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் வந்தால்தான் யாருக்கும் கேட்காதே! அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் சொன்னதை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் பூனைக்குட்டி வரவில்லை. மாவு நன்றாகப் பொங்கியது. "பாத்தியா?" என்றாள் அம்மா. வாயாடிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

பள்ளியில் எல்லோரும் தொட்டிகளில் விதை போட்டிருந்தார்கள். பூனைக்குட்டியின் தொட்டியில் மண் காய்ந்து வெடித்திருந்தது.

"ஏண்டி தண்ணி ஊத்தல?"

"நான் ஊத்தினா செத்துப்போயிடும். நீயே ஊத்திடு."

"யாருடி அப்படிச் சொன்னா?"

"உங்க அம்மாதான் சொன்னாங்களே, நான் ராசியில்லாதவன்னு. பெரியவங்க சும்மாவா சொல்வாங்க?"

வாயாடிக்குப் பேச்சே வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஆனதே இல்லை.

அன்று சாயங்காலம், அம்மா மாவைப் பிசைந்து வைத்துவிட்டுப் பாப்பாவைத் தூங்கவைக்க மாடிக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து வாயாடி தோழியைக் கையோடு இழுத்து வந்தாள்.

"நீ தினமும் எப்படி வருவியோ, அப்படியே வா. ஒண்ணு விடாம செய்."

பூனைக்குட்டி பயந்துகொண்டே கதவைத் திறந்தாள். உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றினாள். மேசையருகே போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

வாயாடி தலையைச் சொறிந்தாள். கால் ஜில்லென்றது. குனிந்து பார்த்தாள். மாவின் மேல் போட்டிருந்த துணியின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கதவை ஏன் சாத்தல?"

"சாத்தினா கத்துமே! பாப்பா முழிச்சுக்குவான். அவன் தூங்கினாத்தானே உங்க அம்மா கொஞ்ச நேரம் உக்கார முடியும்? அதனால எப்பவும் ஒருக்களிச்சுத்தான் வைப்பேன்."

வாயாடி ஈரத்துணியைத் தொட்டாள். பனிக்கட்டியாய் இருந்தது. மாவுக்குக் குளிர் ஆகாது என்று அம்மா நாள் தவறாமல் சொல்வாளே!

"அடி அசடே!" என்று தோழியைக் கட்டிக்கொண்டாள். ஓடிப்போய் அப்பாவின் சைக்கிள் எண்ணெயை எடுத்து வந்தாள். கதவின் கீலில் சொட்டுச் சொட்டாக விட்டு, திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் மெல்லச் சாத்தினாள். சத்தமே இல்லை.

"நீ அந்த மாவு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கோ. நான் கூப்பிடுறவரைக்கும் மூச்சு விடாதே!"

வெகுநேரம் கழித்து அம்மா இறங்கி வந்தாள். துணியைத் தூக்கிப் பார்த்தாள். மாவு பூரித்துப்போய் நின்றது.

"பாத்தியா? அந்தப் பொண்ணு வரல, மாவு எப்படிப் பொங்..."

"அச்சூ!"

அம்மா துள்ளிக் குதித்தாள். மூட்டைக்குப் பின்னாலிருந்து, தலை முதல் கால் வரை வெள்ளை வெளேரென்று ஓர் உருவம் எழுந்து நின்றது.

"தும்மல் வந்துடுச்சு அத்தை," என்றது அது, நடுங்கியபடி.

வாயாடி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா கதவைத் திறந்தாள். காற்று வந்து முகத்தில் அடித்தது. சாத்தினாள். அப்புறம் பூனைக்குட்டியைப் பார்த்தாள்.

"நான் கொஞ்சம் உக்காரணும்னுதானா கதவைத் திறந்து வச்சே?"

பூனைக்குட்டி தலையாட்டினாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நீல ஏப்ரனால் பூனைக்குட்டியின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நான் ஒரு மடச்சி. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதே கண்ணு." பிறகு மாவைப் பார்த்தாள். அம்மாவால் சும்மா இருக்க முடியுமா? "நீ தும்மியும் மாவு அமுங்காம நிக்குதுன்னா, நீ பெரிய ராசிக்காரிதான்!"

"ஐயோ அம்மா! ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கதவு! கதவு!"

"சரிடி, கதவுதான்," என்று சிரித்தாள் அம்மா. மாவு பதமாக இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்ப்பது அவள் மட்டுமே செய்யும் வேலை. அப்பாவுக்குக்கூட அனுமதி இல்லை. இன்று பாத்திரத்தைப் பூனைக்குட்டியின் பக்கம் நகர்த்தினாள். "போய்க் கையைக் கழுவிட்டு வா. நீ அமுக்கிப் பாரு."

கையைக் கழுவி வந்தவள் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "நான் தொட்டா..."

"தொட்டாத்தானே தெரியும்?" என்றாள் வாயாடி.

பூனைக்குட்டி ஒற்றை விரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழி மெல்ல மெல்ல மேலே எழும்பி வந்தது. பூனைக்குட்டியின் முகத்தில் சிரிப்பும் அதே மாதிரி வந்தது.

மறுநாள் காலை பூனைக்குட்டி தன் தொட்டிக்குத் தானே தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலம் பையோடு வந்து, பின்கதவை நன்றாக இழுத்துச் சாத்தினாள். கதவு கத்தவில்லை. பாப்பாவும் விழிக்கவில்லை.

அந்த வீட்டில் வாயை மூடத் தெரியாத ஆள் இப்போது ஒருத்திதான்.