காணாமல் போன எட்டு மணி நேரம்

"என் அக்காவுக்கு எட்டு மணி நேரம் மறந்துபோச்சு சார்," என்றார் அச்சகக்காரர், உட்காருவதற்கு முன்பே.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவருடைய மைத்துனர் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.

விஷயம் இதுதான். தொலைதூர நகரத்தில் தனியாக வாழும் அக்கா, திங்கள் காலை எட்டு மணிக்கு டாக்ஸி ஏறியதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். தம்பி வீட்டு வாசலில் இறங்கியது செவ்வாய் மாலை ஆறு மணிக்கு. எங்கும் நிற்காத விமானத்தில் பதினாலு மணி நேரம். முன்னும் பின்னும் நாலு. பதினெட்டில் முடிய வேண்டிய பயணத்துக்கு இருபத்தாறு மணி நேரம் ஆகியிருக்கிறது.

"எங்கே இருந்தேன்னு கேட்டா, 'ஞாபகமில்லைடா'ங்கிறா. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டப்போறேன். இனிமே தனியா விடமாட்டேன். திரும்பிப் போற டிக்கெட்டையும் ரத்து பண்ணப்போறேன்."

"அந்த ஊர் நம்மைவிட எட்டு மணி நேரம் பின்னாடி!" மைத்துனர் துள்ளினார். "அத்தான், இவர் அதைக் கழிக்க மறந்துட்டார்!"

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை," என்றார் துப்பறிவாளர். "அங்கே காலை எட்டுன்னா இங்கே சாயங்காலம் நாலு. திங்கள் நாலுலேருந்து செவ்வாய் ஆறு வரைக்கும் எண்ணுங்க. இருபத்தாறுதான்."

மைத்துனர் பேனாவை மூடினார்.

அச்சகக்காரர் வீட்டில் அக்கா ஒரு கத்தை அச்சுத்தாள்களில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். "மூணாம் பக்கத்துல இருக்கற பேர் நாற்பதாம் பக்கத்துல வேற மாதிரி இருக்கு. யாருடா அச்சுக் கோத்தது?" என்று தம்பியைக் கடிந்தார்.

"பயணம் எப்படி இருந்ததும்மா?" என்றார் துப்பறிவாளர்.

"காதுதான் பாடா படுத்திடுச்சு. ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் அடைச்சுக்குது."

துப்பறிவாளர் அலமாரியிலிருந்த உலக உருண்டையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். "உங்க குடும்பத்துல வேற யாராவது வெளிநாட்டுல இருக்காங்களா?"

அச்சகக்காரர் முகம் இறுகியது. "கூடப்பொறந்தவன்னு ஒருத்தன் இருக்கான். பேசி பதினோரு வருஷமாச்சு." விரலால் ஒரு நகரத்தைத் தொட்டார்.

துப்பறிவாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்து உருண்டைமேல் வைத்து அளந்தார். "நேரா வந்தா பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். இந்த ஊர் வழியா வந்தா அங்கே வரைக்கும் ஐயாயிரம், அங்கேருந்து எட்டாயிரம். ஆறு மணி நேரமும் பத்து மணி நேரமும். முன்னும் பின்னும் நாலு. மொத்தம் இருபது. மிச்சம் ஆறு மணி நேரம். ஒருத்தரைப் பார்த்துட்டு வரப் போதும்."

"இது வெறும் ஊகம்தானே?" என்றார் அச்சகக்காரர்.

"நேரா வர்ற விமானம் ஒரே ஒரு தடவைதான் மேலே ஏறும். இவங்க 'ஒவ்வொரு தடவை'ன்னாங்க. மூணாம் பக்கத்தை நாற்பதாம் பக்கம் வரைக்கும் மறக்காதவங்களுக்கு ஆறு மணி நேரம் எப்படி மறக்கும்? இவங்க மறக்கலை சார். மறைச்சாங்க."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

"அவன் முகத்துல முழிச்சா என் வாசப்படி ஏறாதேன்னு சொன்னவன் நீதானே? எனக்கு ரெண்டு தம்பியும் வேணும்டா. மறதிக்காரின்னு பேர் வாங்கினாலும் பரவாயில்லைன்னு நெனச்சேன்."

அச்சகக்காரர் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டு, நாளைக்கு வரவில்லை என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"அண்ணனுக்கு..." என்று இழுத்தார். "முடியெல்லாம் நரைச்சிருக்குமே அக்கா?"

"நரைக்கறதுக்கு முதல்ல முடி இருக்கணும்டா," என்றார் அக்கா.