தானாக அடங்க வேண்டிய பாட்டு

டிரம்ஸ் ஒவ்வொன்றாகக் குறைந்ததை அவன் பொறுத்துக்கொண்டான். மைக்குகள் பெருகிக்கொண்டே போனதுதான் அவனுக்கு விளங்கவில்லை. புதிய ஆல்பத்தின் முதற்பாட்டுக்குச் சிம்பல்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள். வெண்கல இரைச்சல் இனி வேண்டாம் என்றார்கள். பிறகு தோளருகே நின்ற சிறிய டிரம்கள் போயின. பிறகு காலால் மிதிக்கும் பெரிய டிரம்மும் போயிற்று. ஒன்று போன இடத்தில் மைக் ஒன்று வந்து கருங்கழுத்தை நீட்டி நின்றது. இன்று கடைசிப் பாட்டுக்காக அவன் ஸ்டுடியோவின் ஒலிப்பதிவுக் கூண்டினுள் நுழைந்தபோது நாற்காலி மட்டுமே எஞ்சியிருந்தது. அதைச் சூழ்ந்து, சாகக்கிடப்பவனின் கடைசிச் சொல்லுக்குக் காதுகொடுக்கும் சுற்றத்தாரைப் போல, மைக்குகள் குனிந்திருந்தன. உட்கார்ந்தால் நெஞ்சு எங்கே வருமோ, எல்லாம் அவ்வுயரத்தை நோக்கியே குனிந்திருந்தன.

ரசிகர்கள் அவனை இடி என்றே அழைத்தார்கள். இருபது ஆண்டுகளாக அந்த ராக் குழுவின் முழக்கம் அவன் கையிலிருந்தே பிறந்தது. பாடகன் அவன் மனைவியின் தம்பி. மேடையில் பாட்டு முடியும் தறுவாயில் மைத்துனன் வலக்கையை உயர்த்தி மெல்லத் தாழ்த்துவான். கை இறங்கும் அளவுக்கே இடியின் அடியும் இறங்கும். கை முழங்காலைத் தொடும்போது அரங்கம் மூச்சடங்கிக் கிடக்கும். காய்ச்சலில் கண் இருண்ட நாளிலும் அந்தக் கையைப் பின்பற்ற அவன் தவறியதில்லை. ஆனால் கத்திப் பாடும் காலம் போய்விட்டது, இனி மென்மையே வழி என்று மைத்துனன் முடிவெடுத்துவிட்டான். மென்மையில் இடிக்கு ஏது இடம்? குழுவிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்ற அச்சம் உமியுள் கனலும் தீயைப் போல உள்ளுக்குள் இருந்தது. அதனாலேயே அவன் எதற்கும் தலையசைத்தான்.

"என்னத்த மாப்ள வாசிக்கிறது? குச்சிகூட இல்லையே."

"வாசிக்கவே வேணாம் மாமா, சும்மா உக்காருங்க. இருபது வருஷம் அடிச்சது போதாதா? அந்த டிரம் எல்லாம் உங்க மேல கேஸ் போடாம இருந்ததே பெருசு."

கிடார்க்காரன் வாய்விட்டுச் சிரித்தான். இடியும் சிரித்தான்.

"ஆல்பத்துல என் பேர் இருக்கும்ல?"

"நல்லா கேட்டீங்க! இந்தப் பாட்டு முழுக்க நீங்கதான்."

"சட்டைய மட்டும் கழட்டிடுங்க சார்," என்றார் ஒலிப்பதிவாளர். "துணி உரசுறது மைக்ல ஏறுது."

கனத்த கதவு மூடியது செவிக்குக் கேட்கவில்லை. நீரில் மூழ்கினாற்போல் காது அடைத்துக்கொண்டதால்தான் தெரிந்தது. வெளியே நடுப்பகல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை. சுவரெங்கும் பதித்திருந்த கரும்பஞ்சு அவன் கனைப்பையும், நாற்காலியின் முனகலையும், விழுந்த மாத்திரத்திலேயே விழுங்கியது. பழைய வியர்வையும் பசையும் கலந்த புழுங்கிய வாடை, அவனுடைய இருபது ஆண்டுகளின் வாடை, வெற்று மார்பில் ஈரமாகப் படிந்தது. கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, தொலைவில் யாரோ முழவின் கண்ணைத் தட்டுவது போல ஓர் ஒலி.

வேறொருவன்! அவன் முதலில் நினைத்தது அதைத்தான். எனக்குத் தெரியாமல் வேறொருவனை வைத்துப் பதிவு செய்துவிட்டார்கள். காது கூர்ந்து குற்றம் தேடினான், கிடைக்கவில்லை. இயந்திரத்தின் தாளம் அன்று. ஈரத்தோலின் ஆழம் அதில் இருந்தது. அவன் நெஞ்சில் பொறாமை மூண்டது. ஒலி விரைந்தது. அவன் திடுக்கிட்டான். ஒலி ஒருமுறை இடறியது. மூச்சை அடக்கிப் பார்த்தான். ஒலி திணறியது.

"எப்படி இருக்கு மாமா?" மைத்துனன் குரல் காதுக்குள் வந்தது.

"மாப்ள... இது என் நெஞ்சு அடிக்கிற சத்தம்ல?"

"அக்காதான் சொன்னா. நீங்க பயந்துட்டா பக்கத்துல படுக்கவே முடியாதாமே, அப்படி அடிச்சுக்குமாம். ஊருக்கெல்லாம் இடி, வீட்டுல எலிக்குட்டின்னு சொல்லி அப்படிச் சிரிச்சா. அப்பதான் எனக்கு இந்தப் பாட்டே தோணுச்சு."

இடி சிரிக்க முயன்றான். எழுந்து கதவருகே போனான். கைப்பிடி சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. கதவு அசையவில்லை.

"கதவு திறக்கல மாப்ள."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க உக்காருங்க."

"உள்ள காத்தே இல்லடா!"

"ஏ.சி. சத்தம் மைக்ல ஏறும் சார், வழிய அடைச்சுட்டேன்," என்றார் ஒலிப்பதிவாளர், மழைக்கு ஜன்னலை மூடியவரைப் போல.

துடிப்பு ஓடத் தொடங்கியது. அதன்மேல் கிடாரின் மெல்லிய இழை படர்ந்தது. மைத்துனன் தாலாட்டுக் குரலில் பாடினான். அவர்கள் இதுவரை செய்தவற்றுள் இதுவே அழகான பாட்டு. அது அவனுக்கும் தெரிந்தது. தெரிந்ததுதான் கொடுமை.

இரு கைகளாலும் கண்ணாடியை அறைந்தான்.

"தட்டி என்ன சார் ஆகப்போகுது? எந்த மைக்கும் கைக்கு வைக்கலையே."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். துடிப்பு நிற்கவில்லை. தலைக்குள், பல்லுக்குள், கண்ணுக்குப் பின்னே. மனிதக் குரலாவது கேட்கட்டும் என்று, தவழ்ந்து போய் எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"முடிவ எப்படி வெக்கலாம்?" ஒலிப்பதிவாளர் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் இங்கயே மெல்ல குறைச்சிடவா?"

"வேணாம்ணே. நாம குறைச்சா பொய்யாத் தெரியும். தானா அடங்கணும்."

"அடங்குமா?"

"மாமா இதுவரைக்கும் முடிவுல சொதப்பினதே இல்ல."

நாற்காலியின் காலைப் பற்றியபடி இடி நிமிர்ந்தான். மூச்சு கிட்டவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதன் நடுவே மைத்துனன் எழுந்து வந்து நின்றான். முகத்தில் பகையில்லை. மேடையில் பார்க்கும் அதே அன்பு.

வலக்கையை உயர்த்தினான்.

பார்க்கக்கூடாது. கண்ணை மூடு. மூடினான். இமைக்குள்ளும் அந்தக் கை. திறந்தான்.

கை இறங்கத் தொடங்கியது.

துடிப்பும் இறங்கியது.

வேண்டாம் என்றான். உதடு அசையவில்லை. விரையச் சொன்னான். நெஞ்சு அவன் பேச்சைக் கேட்கவில்லை, கையைப் பார்த்தது. மார்பளவு. இடுப்பளவு. அப்பால் கிடார்க்காரன் தலையசைத்து ரசித்தான். ஒலிப்பதிவாளர் கண்மூடிக் கேட்டார்.

ஒரு துடிப்பு.

நெடுநேரம் கழித்து இன்னொன்று.

முழங்காலுக்கு விரலளவு மேலே கை நின்றது. மைத்துனன் புன்னகைத்தான். இடியின் விழிகள் இமைக்காமல் அந்தக் கையையே பார்த்திருந்தன, தாளம் தப்பாமல் காத்தபடி.